அமெரிக்காவில் பிஏ (பிசிஷியன் அசிஸ்டென்ட்) படிப்பு: கட்டணம், உதவித்தொகை, கடன் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் மருத்துவப் படிப்பின் நீளத்தைக் கண்டு மலைத்து, பிசிஷியன் அசிஸ்டென்ட் படிப்பின் பக்கம் திரும்பும் பிள்ளைகள் இப்போது கண்ணில் படுகிறார்கள். என் அண்ணன் மகள் அவர்களில் ஒருத்தி. அவளுக்காக இரண்டு ஆண்டுகள் கணக்குப் போட்டுப் பழகிய பிறகு, தெரிந்தவர்கள் பலரும் என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். 2026 ஜூலை 1 முதல் கூட்டரசுக் கல்விக்கடன் விதிகள் மாறுவதால், பழைய ஆலோசனைகளில் பாதி இனி பொருந்தாது.

பிஏ என்றால் என்ன படிப்பு? எத்தனை காலம்?

நம்மூரில் பிஏ என்றால் அமைச்சரின் பின்னால் கோப்போடு நடப்பவர் நினைவுக்கு வருவார். இங்கே பிஏ என்பவர் நோயாளியைப் பரிசோதித்து, நோயைக் கணித்து, மருந்து எழுதித் தரவும், அறுவை சிகிச்சையில் துணை நிற்கவும் உரிமம் பெற்றவர். 1965இல் டியூக் பல்கலைக்கழகத்தில் மருத்துவர் யூஜின் ஸ்டெட், கடற்படையில் மருத்துவப் பணியாற்றிய சிலரைக் கொண்டு இந்தப் படிப்பைத் தொடங்கினார். முதல் மூவர் 1967இல் தேறினார்கள். 2021இல் தொழில்சங்கம் பெயரைப் 'பிசிஷியன் அசோசியேட்' என்று மாற்றத் தீர்மானித்தது. ஆனால் பல இடங்களில் பழைய பெயரே இன்னும் புழங்குகிறது. மருத்துவமனையில் இரத்த அழுத்தம் பார்த்து அறைக்குள் அழைத்துச் செல்லும் மெடிக்கல் அசிஸ்டென்ட் வேறு, இவர் வேறு.

இது முதுகலைப் பட்டம். இளங்கலை முடித்து, நோயாளிகளோடு நேரடியாகப் பழகிய பணி அனுபவமும் பெற்ற பிறகே பெரும்பாலான கல்லூரிகளில் இடம் கிடைக்கும். படிப்பு பெரும்பாலும் 27 மாதங்கள். முதல் பாதி வகுப்பறை, மறுபாதி மருத்துவமனைச் சுழற்சி, அதாவது வெவ்வேறு பிரிவுகளில் மாறி மாறிப் பெறும் பயிற்சி. கோடை விடுமுறை என்று ஒன்று கிடையாது. பணக் கணக்கில் இதன் பொருள் ஒன்றே: அந்த 27 மாதங்களில் சம்பாதிக்க வழியில்லை. படிக்கும்போது வேலைக்குப் போகக் கூடாது என்று பல கல்லூரிகள் எழுதியே வைத்திருக்கின்றன. எழுதாத இடத்திலும் பாடச்சுமை அதற்கு இடம் தராது.

மொத்தம் எவ்வளவு செலவாகும்?

கல்லூரியின் இணையப் பக்கத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் கல்விக்கட்டணத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். கட்டணத்தோடு வாடகை, சாப்பாடு, காப்பீடு, பயணம் எல்லாம் சேர்ந்த மொத்தச் செலவை நிதியுதவி அலுவலகம் தனியாகக் கணக்கிட்டு வைத்திருக்கும். கேட்டு வாங்க வேண்டியது அந்தத் தாளைத்தான்.

ஒரு மாதிரிக் கணக்கு போட்டுக் காட்டுகிறேன். எந்தக் கல்லூரியின் கணக்கும் இது இல்லை, நானே எடுத்துக்கொண்ட எண்கள். தனியார் கல்லூரி ஒன்றில் 27 மாதங்களுக்கும் சேர்த்துக் கல்விக்கட்டணம் 1,05,000 டாலர். ஆய்வகக் கட்டணம், ஸ்டெதாஸ்கோப் முதலிய கருவிகள், தடுப்பூசி, பின்னணிச் சரிபார்ப்பு, காப்பீடு இவற்றுக்கு 9,000. வாடகையும் சாப்பாடும் மாதம் 1,900 என்று வைத்தால் 27 மாதங்களுக்கு 51,300. சுழற்சி நாட்களில் வெளியூர் தங்கலும் காருக்குப் பெட்ரோலும் 5,000. கூட்டினால் 1,70,300 டாலர். விளம்பரத்தில் கண்ட தொகைக்கும் இதற்கும் உள்ள இடைவெளி 65,300.

சுழற்சிக் காலச் செலவைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். ஆறு வாரம் ஒரு சிற்றூர் மருத்துவமனை, அடுத்த ஆறு வாரம் 90 மைல் தள்ளி ஓர் அவசரப் பிரிவு என்று அனுப்புவார்கள். ஊரில் எடுத்த வீட்டு வாடகையையும் கட்ட வேண்டும், போன இடத்து அறை வாடகையையும் கொடுக்க வேண்டும். எத்தனை சுழற்சிகள் வெளியூரில், தங்குமிடத்துக்கு யார் பணம் தருகிறார்கள் என்பதை நேர்முகத் தேர்வின்போதே கேட்டுவிடலாம். கேட்டால் தவறாக நினைப்பார்கள் என்ற தயக்கம் வேண்டாம்.

26 வயதுக்குக் கீழே இருந்தால் பெற்றோரின் மருத்துவக் காப்பீட்டிலேயே தொடரலாம். அதைக் காட்டிக் கல்லூரிக் காப்பீட்டை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால், ஆண்டுக்குச் சில ஆயிரம் டாலர் மிஞ்சும். வெளிமாநிலக் கல்லூரி என்றால், அந்தக் காப்பீடு அங்கே செல்லுமா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அரசுக் கல்லூரியா, தனியாரா? மாநிலம் மாறினால் கட்டணம் மாறுமா?

தனியார் கல்லூரிக்கு எந்த மாநிலத்தவரும் ஒன்றே. அரசுப் பல்கலைக்கழகங்களில் உள்மாநிலத்தவருக்கு ஒரு கட்டணம், வெளியாருக்கு அதைவிட மிகக் கூடுதலான கட்டணம். டெக்சஸில் இருப்பவர்களுக்கு கால்வெஸ்டன், டல்லாஸ், சான் அன்டோனியோ ஆகிய ஊர்களில் உள்ள அரசு மருத்துவப் பல்கலைக்கழகங்களின் பிஏ படிப்புகள் இந்த வகையில் பெரிய வாய்ப்பு. படிப்பதற்காகவே ஒரு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்து, ஓராண்டு கழித்து உள்மாநிலத்தவர் என்று கோரலாம் என்று சிலர் கணக்குப் போடுகிறார்கள். முழுநேர மாணவராக அங்கே இருந்த காலத்தைப் பல மாநிலங்கள் குடியிருப்பாகக் கணக்கில் எடுப்பதில்லை.

டெக்சஸில் இதற்கு ஒரு விலக்கு உண்டு. வெளிமாநில மாணவர் அந்தப் பல்கலைக்கழகம் போட்டி வைத்து வழங்கும் உதவித்தொகையில் குறைந்தது 1,000 டாலர் பெற்றால், உள்மாநிலக் கட்டணத்துக்கு மாற்ற மாநிலச் சட்டம் அனுமதிக்கிறது. எத்தனை பேருக்குத் தரலாம் என்பதற்கு வரம்பு இருப்பதால் எல்லோருக்கும் கிடைக்காது. கிடைத்தவருக்கு அந்த ஆயிரம் டாலர் பல ஆயிரமாகப் பெருகிவிடும். ஆகவே உதவித்தொகையின் தொகை சிறிது என்று விண்ணப்பிக்காமல் விடாதீர்கள்.

2026 ஜூலை முதல் கடன் விதிகளில் என்ன மாற்றம்?

இதுவரை முதுகலை மாணவர்களுக்கு இரண்டு கூட்டரசுக் கடன்கள் இருந்தன. நேரடிக் கடனாக ஆண்டுக்கு 20,500 டாலர். அதற்கு மேல் மொத்தச் செலவு வரை எவ்வளவு வேண்டுமானாலும் தரும் கிராட் பிளஸ். பெரும்பாலான பிஏ மாணவர்கள் இந்த இரண்டாவது கடனை நம்பித்தான் படித்தார்கள். 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டம், 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குவோருக்குக் கிராட் பிளஸை நிறுத்துகிறது. முதுகலை மாணவருக்கு ஆண்டுக்கு 20,500, மொத்தம் 1,00,000 டாலர் என்றும், 'தொழிற்பட்டம்' படிப்போருக்கு ஆண்டுக்கு 50,000, மொத்தம் 2,00,000 என்றும் அது வரம்பு கட்டுகிறது.

பிஏ எந்தப் பெட்டியில் விழுகிறது என்பதில்தான் தலையெழுத்தே இருக்கிறது. மருத்துவம், பல் மருத்துவம், மருந்தியல், சட்டம், கால்நடை மருத்துவம், ஏன், இறையியல் கூடத் தொழிற்பட்டப் பட்டியலில் இருக்கின்றன. 2025 நவம்பரில் கல்வித் துறை கூட்டிய விதிக் குழு ஒப்புக்கொண்ட அந்தப் பட்டியலில் பிஏ படிப்புக்கு இடம் தரப்படவில்லை. செவிலியர் முதுகலைக்கும் இல்லை. நோயாளிக்கு மருந்து எழுதுபவரின் படிப்பு தொழிற்பட்டம் ஆகாது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆனால் குடும்பக் கணக்கை அந்தப் பட்டியலை வைத்துத்தான் போட்டாக வேண்டும்.

மேலே போட்ட கணக்குக்கு வருவோம். 27 மாதங்களைக் கல்லூரி எத்தனை கல்வியாண்டாகப் பிரிக்கிறது என்பதைப் பொறுத்து, 20,500 வீதம் 41,000 முதல் 61,500 டாலர் வரை கிடைக்கலாம். நல்லபடியாக 61,500 கிடைத்தாலும், 1,70,300இல் மீதம் 1,08,800 டாலருக்கு வேறு வழி தேட வேண்டும்.

2026 ஜூன் 30இல் ஏற்கெனவே படிப்பில் சேர்ந்திருந்து, அந்தப் படிப்புக்காகக் கூட்டரசுக் கடனும் பெற்றிருந்தவர்கள், மீதமுள்ள படிப்புக் காலம் அல்லது மூன்று கல்வியாண்டுகள், இவற்றில் எது குறைவோ அதுவரை பழைய விதியிலேயே தொடரலாம். இடையில் கல்லூரி மாறினால் இந்தச் சலுகை போய்விடக்கூடும். மாறுவதற்கு முன் நிதியுதவி அலுவலகத்திடம் எழுத்தில் பதில் வாங்கிவிடுங்கள்.

பெற்றோர் சம்பளம் அதிகம். ஃபாஃப்சா என்ற கூட்டரசு நிதியுதவி விண்ணப்பத்தை நிரப்பிப் பயன் உண்டா?

உண்டு. முதுகலை மாணவர் தனித்து நிற்பவராகவே கருதப்படுவார். பெற்றோரின் வருமானத்தை ஃபாஃப்சா கேட்காது. இளங்கலையில் ஒரு காசும் கிடைக்காத குடும்பத்துப் பிள்ளைக்கும் மேலே சொன்ன நேரடிக் கடன் கிடைக்கும். ஆனால் பின்தங்கிய பின்னணி மாணவர்களுக்கென்று கூட்டரசு கல்லூரிகள் வழியே தரும் உதவித்தொகைக்குப் பெற்றோர் வருமான விவரத்தைக் கல்லூரி தனியே கேட்கலாம்.

பிள்ளையின் பெயரில் 529 என்ற, கல்விக்கான வரிச்சலுகைச் சேமிப்பு இருந்தால் அதை பிஏ கட்டணத்துக்கும் வரியின்றி எடுக்கலாம். இளங்கலையிலேயே அதை முழுதும் தீர்த்துவிடாமல், உள்ளூர் அரசுக் கல்லூரியில் இளங்கலையை முடித்துவிட்டு மிச்சத்தை இதற்கு வைத்திருக்கும் குடும்பங்கள் இப்போது நிம்மதியாக இருக்கின்றன.

கடனுக்கு வட்டி எப்படி ஏறுகிறது?

படிக்கும் காலத்திலேயே ஏறுகிறது. முதுகலை நேரடிக் கடனுக்கு அரசு வட்டி கட்டித் தராது. 2025-26 கல்வியாண்டில் இதன் வட்டி 7.94 சதவீதம். 20,500 டாலருக்கு ஓராண்டு வட்டி ஏறத்தாழ 1,628 டாலர், மாதத்துக்கு 135க்குச் சற்று மேல். இதுதவிர, கொடுக்கும்போதே 1.057 சதவீதத்தைப் பிடித்துக்கொள்வார்கள். 20,500 என்று கையெழுத்துப் போட்டால் கைக்கு வருவது 20,283 டாலர். வட்டியையாவது மாதாமாதம் பெற்றோர் கட்டிவந்தால், படிப்பு முடியும்போது அசல் அசலாகவே நிற்கும்.

மீதப் பள்ளத்தை நிரப்பத் தனியார் கடன் வாங்கும்போது, வட்டி விகிதம், ஜாமீன் கையெழுத்துப் போடுபவரின் கடன் வரலாற்றைப் பொறுத்தது. கையெழுத்துப் போடும் சித்தப்பாவோ மாமாவோ, பிள்ளை கட்டாவிட்டால் தாம்தான் கட்ட வேண்டும் என்பதை அறிந்தே போட வேண்டும். தனியார் கடனுக்கு, அரசு அல்லது இலாப நோக்கமற்ற நிறுவனத்தில் பணியாற்றுவோருக்கான பொதுப்பணித் தள்ளுபடியும் கிடையாது, வருமானத்துக்கேற்ற தவணையும் கிடையாது.

உதவித்தொகைகள் உண்மையில் எவ்வளவு கைகொடுக்கும்?

இரண்டு வகையைப் பிரித்துப் பார்க்க வேண்டும். முதல் வகை, திறமைக்கோ தேவைக்கோ பின்னணிக்கோ கிடைப்பது. பிஏ தொழில்சங்கத்தின் அறக்கட்டளையான பிஏ ஃபவுண்டேஷன், மாநிலச் சங்கங்கள், மருத்துவமனை அறக்கட்டளைகள், கல்லூரியே தருபவை எல்லாம் இதில் அடங்கும். பெரும்பாலும் ஓராயிரம், இரண்டாயிரம் என்ற அளவில் இருக்கும். பலவற்றுக்குப் படிப்பில் சேர்ந்த பிறகுதான் விண்ணப்பிக்க முடியும். ஆகவே இவற்றை நம்பிக் கல்லூரியைத் தேர்ந்தெடுக்க முடியாது. விண்ணப்பிக்கவே பணம் கேட்கும் 'உதவித்தொகை' எதுவாக இருந்தாலும் ஒதுக்கிவிடுங்கள்.

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒருநாள் இரண்டு கடிதங்கள் இருந்தன. ஒன்றில் வாழ்த்தும் 10,000 டாலர் உதவித்தொகையும். மற்றதில் வெறும் சேர்க்கை. அண்ணி முதல் கடிதத்தைச் சாமி படத்தின் முன் வைத்துவிட்டார். இரவு கணக்குப் போட்டபோது, உதவித்தொகை போகவும் அந்தக் கல்லூரி மற்றதைவிட 31,000 டாலர் கூடுதல் என்று தெரிந்தது. காலையில் கடிதம் இடம் மாறியது.

இரண்டாவது வகைதான் பெரும்பணம். அது பணிக்கு ஈடாகத் தரப்படுவது.

தேசியச் சுகாதாரப் பணிப்படையின் உதவித்தொகை எப்படிப்பட்டது?

மருத்துவர் பற்றாக்குறை உள்ள பகுதிகளில் பணியாற்ற ஒப்புக்கொள்வோருக்குக் கூட்டரசு தரும் திட்டம் இது. கல்விக்கட்டணம், இதர கட்டணங்கள், மாதந்தோறும் கைச்செலவுத் தொகை அனைத்தும் உண்டு. கட்டணப் பகுதிக்கு வரி இல்லை. மாதத் தொகைக்கு வரி உண்டு. உதவி பெறும் ஒவ்வொரு கல்வியாண்டுக்கும் ஓராண்டுப் பணி என்ற கணக்கில், குறைந்தது இரண்டு ஆண்டு பணியாற்ற வேண்டும். அமெரிக்கக் குடியுரிமை கட்டாயம். கிரீன் கார்டு போதாது.

பணி முதன்மை மருத்துவத்திலோ மனநலத்திலோ மட்டும்தான். எலும்பு அறுவை சிகிச்சைப் பிரிவில் சேர ஆசைப்படும் மாணவருக்கு இது ஒத்துவராது. எந்த ஊர் என்பதை முழுதும் நாமே முடிவு செய்யவும் முடியாது. தகுதியுள்ள பணியிடங்களுள் ஒன்றில்தான் வேலை தேட வேண்டும். அருகில் கோவிலோ இந்திய மளிகைக் கடையோ இல்லாத ஊராக இருக்கலாம். திருமணப் பேச்சு நடக்கும் வீடுகளில் இது சிறிய செய்தி ஆகாது.

ஒப்பந்தத்தை முறித்தால் வாங்கிய தொகையின் மும்மடங்கு வரை வட்டியோடு திருப்பிக் கட்ட நேரிடும். இதைச் சொல்லிப் பயமுறுத்துவது என் நோக்கமில்லை. கிராமப்புற மருத்துவத்தில் உண்மையாகவே ஈடுபாடு உள்ளவருக்கு இதைவிட நல்ல வழி இந்த நாட்டில் இல்லை என்பேன். ஈடுபாடு இல்லாதவர் பணத்துக்காக மட்டும் கையெழுத்துப் போட்டால் மாட்டிக்கொள்வார்.

இப்போது முடிவெடுக்க இயலாதவர்களுக்கு, அதே பணிப்படையின் கடன் அடைப்புத் திட்டம் இருக்கிறது. படித்து முடித்து, தகுதியுள்ள பணியிடங்களுள் பிடித்ததைப் பார்த்துச் சேர்ந்த பிறகு, இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தில் கடனின் ஒரு பகுதியைக் கட்டுவார்கள். பல மாநிலங்களிலும் இதுபோன்ற திட்டங்கள் உள்ளன. பணிப்படையின் இந்தத் திட்டத்தில் தனியார் கல்விக்கடனும் சேர்த்துக்கொள்ளப்படும் என்பது புதிய விதிகளுக்குப் பின் முக்கியமாகிறது.

இராணுவம் வழியாகப் படிக்கலாமா?

ஏற்கெனவே படையில் இருப்பவர்களுக்கென்று டெக்சஸின் சான் அன்டோனியோவில் முப்படைகளும் சேர்ந்து நடத்தும் பிஏ பயிற்சி உண்டு. சம்பளம் வாங்கிக்கொண்டே படிக்கலாம். முன்னாள் படையினரின் கல்விச் சலுகையை, உரிய பணிக்கால விதிகளை நிறைவு செய்தவர், பிள்ளைக்கோ துணைக்கோ மாற்றித் தரவும் முடியும்.

சேர்வதற்கு முந்தைய ஆண்டுகளிலேயே பணத்தைக் குறைக்க வழி இருக்கிறதா?

இருக்கிறது, பலரும் கவனிப்பதில்லை. நோயாளியோடு பழகிய பணி அனுபவத்துக்காக எப்படியும் ஓராண்டு, ஈராண்டு வேலை பார்க்கத்தான் போகிறோம். ஆம்புலன்ஸ் பணியாளராகவோ செவிலியர் உதவியாளராகவோ பெரிய மருத்துவமனைக் குழுமம் ஒன்றில் சேர்ந்தால், ஊழியர் கல்விச் செலவுக்கு ஆண்டுக்கு 5,250 டாலர் வரை நிறுவனம் வரியின்றித் தரலாம். விடுபட்ட உயிர்வேதியியல் பாடத்தை அந்தப் பணத்தில் முடித்துவிடலாம். அதே விதியின்கீழ், பிற்பாடு வேலையில் சேரும் மருத்துவமனை கல்விக்கடனையும் கட்டித் தரலாம். சம்பளம் பேசும்போது கேட்க வேண்டிய ஒன்று.

விண்ணப்பங்கள் பெரும்பாலும் காஸ்பா என்ற பொது இணையத்தளம் வழியே போகின்றன. ஒவ்வொரு கல்லூரிக்கும் தனிக்கட்டணம் என்பதால் இருபது கல்லூரிக்கு அனுப்பினால் ஆயிரம் டாலருக்கு மேல் கரையும். குறைந்த வருமானத்தவருக்குக் கட்டணச் சலுகை உண்டு, முந்துபவர்களுக்கே கிடைக்கும்.

எச்-4, எஃப்-1 விசாவில் இருப்பவர்கள் என்ன செய்வது?

இதற்குப் பதில் எழுதத்தான் மனம் கனக்கிறது. எச்-1பி வேலை விசாவில் உள்ள பெற்றோரோடு சிறுவயதில் வந்து, கிரீன் கார்டு வரிசையில் காத்திருக்கும்போதே 21 வயதாகிவிடும் பிள்ளைகள், பெற்றோரைச் சார்ந்து கிடைத்த எச்-4 தகுதியை இழந்து பெரும்பாலும் எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறுகிறார்கள். அவர்களுக்குக் கூட்டரசுக் கடன் கிடையாது, பணிப்படை உதவித்தொகையும் கிடையாது. பல பிஏ கல்லூரிகள் குடிமக்களையும் கிரீன் கார்டு உள்ளவர்களையும் மட்டுமே சேர்க்கின்றன. சேர்க்கும் கல்லூரியிலும், மாணவர் விசாவுக்கான ஐ-20 படிவம் தருவதற்கு முன் முதலாண்டுச் செலவுக்குப் பணம் இருப்பதைக் காட்டச் சொல்வார்கள். குடிமகனோ கிரீன் கார்டு உள்ளவரோ ஜாமீன் நின்றால் தனியார் கடன் கிடைக்கலாம். விண்ணப்பக் கட்டணத்தைக் கட்டுவதற்கு முன், விசா வகையைச் சொல்லிக் கல்லூரிக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். பெற்றோர் எச்-1பியில் இருந்தாலும், இங்கே பிறந்த பிள்ளைக்கு இந்தத் தடை எதுவும் இல்லை.

தமிழ்நாட்டில் பி.எஸ்சி. பிசிஷியன் அசிஸ்டென்ட் படித்தவர் இங்கே நேரடியாகத் தேர்வெழுதலாமா?

முடியாது. சென்னையில் மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில் மருத்துவர் கே.எம்.செரியன் 1992இல் தொடங்கிய பாதையில் தமிழ்நாட்டில் இன்று பல கல்லூரிகள் இந்தப் படிப்பை நடத்துகின்றன. ஆனால் அமெரிக்க உரிமத்துக்கான பான்ஸ் தேர்வை, இங்குள்ள அங்கீகார அமைப்பான ஏஆர்சி-பிஏ ஏற்ற கல்லூரியில் படித்தவரே எழுத முடியும். இந்தியப் பட்டமும் அனுபவமும் சேர்க்கை விண்ணப்பத்துக்கு வலுச் சேர்க்கலாம். 27 மாதப் படிப்பையும் அதன் செலவையும் தவிர்க்க உதவாது. இடையில் ஏதாவது முகவர் 'நேரடி உரிமம்' என்று சொல்லிப் பணம் கேட்டால் நம்ப வேண்டாம்.

இவ்வளவு கடன் வாங்கினால் அடைக்க முடியுமா?

2024 மே மாதக் கணக்கின்படி பிஏக்களின் இடைநிலை ஆண்டுச் சம்பளம் 1,33,260 டாலர். ஆகையால் அடைக்க முடியும். ஆனால் எத்தனை ஆண்டில் என்பது வாங்கும் கடனைப் பொறுத்தது. முதலாண்டுச் சம்பளத்தைத் தாண்டாமல் மொத்தக் கடனை நிறுத்துவது என் சொந்த அளவுகோல்.

புதிய கூட்டரசுக் கடன்களுக்கு வருமானத்தை ஒட்டிய தவணைத் திட்டத்தில், ஆண்டு வருமானம் ஒரு லட்சம் டாலரைத் தாண்டினால் அதில் 10 சதவீதத்தைக் கட்ட வேண்டும். ஒரு லட்சத்து இருபதாயிரம் என்றால் மாதம் 1,000 டாலர். அரசு மருத்துவமனையிலோ இலாப நோக்கமற்ற மருத்துவமனையிலோ முழுநேரம் பணியாற்றி 120 தவணை கட்டியவருக்கு மீதிக் கூட்டரசுக் கடன் தள்ளுபடியாகும். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது: கட்டடம் அந்த மருத்துவமனையுடையதாக இருக்கும், சம்பளச் சீட்டோ ஒரு தனியார் மருத்துவர் குழுவின் பெயரில் வரும். அப்படியானால் பெரும்பாலும் அந்த மாதங்கள் கணக்கில் சேராது. வேலைக் கடிதத்தில் முதலாளி யார் என்று பாருங்கள்.

பட்டம் வாங்கியதும் சம்பளம் வந்துவிடுமா?

உடனே வராது. பான்ஸ் தேர்வுக்கு 550 டாலர். பிறகு மாநில உரிமக் கட்டணம். கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளை எழுத, கூட்டரசுப் பதிவுக்கு மூன்றாண்டுக்கு 888 டாலர். இதைப் பல இடங்களில் வேலை தருபவரே கட்டிவிடுவார். தேர்வு முடிவு, உரிமம், மருத்துவமனையின் சான்று சரிபார்ப்பு எல்லாம் முடிந்து முதல் சம்பளம் கைக்கு வர மூன்று, நான்கு மாதங்கள் ஆகலாம். நேரடிக் கடனுக்கு ஆறு மாத அவகாசம் உண்டு. அந்த இடைவெளியில் வாடகைக்கு என்று நான்கு மாதப் பணத்தைக் கடைசிப் பருவத்திலேயே ஒதுக்கி வையுங்கள். பட்டமளிப்புக்குப் பிறகு கல்விக்கடன் கேட்டால் கிடைக்காது.